அமுக்கியது தெரியும், ஏறியது தெரியாது

விரலில் மாட்டிக்கொள்ளும் ஜபக் கவுண்ட்டரை என் கடைக்குக் கொண்டுவருகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்குச் சத்தமே ஆகாது. "இந்த டிக் டிக்கை எடுத்துவிட முடியுமா தம்பி?" என்பார்கள். இன்னொரு கட்சிக்குச் சத்தம் போனதுதான் பழுது. எண் ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கும், பட்டன் மட்டும் தொளதொளத்துப் போயிருக்கும். "எண்ணுதுதான், ஆனா எண்ணுற மாதிரியே இல்ல" என்று நாகல்நகர் அக்கா ஒருவர் சொன்னார். புதிது வாங்கினால் ஆகிற காசு, ரிப்பேர் கூலியைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதைச் சொன்னாலும் கேட்கமாட்டார்கள். அத்தனை நாமம் ஏறிய பொருளைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வருவதில்லை.

செல்போன் ரிப்பேர்தான் என் பிழைப்பு. கவுண்ட்டர், டிவி ரிமோட், கால்குலேட்டர் எல்லாம் ஓரத்து வேலை. ஆனால் பட்டன் என்ற ஒன்றைப் பற்றி நான் யோசித்ததெல்லாம் இந்த ஓரத்து வேலையில்தான்.

பட்டனைப் பிரித்தால் உள்ளே இருப்பது குழிவாக அழுத்திச் செய்த ஒரு சின்ன எஃகுத் தகடு. டோம் என்போம். கவிழ்த்த கிண்ணம் மாதிரி போர்டின்மேல் உட்கார்ந்திருக்கும். விரல் அமுக்கும்போது கொஞ்ச தூரம் வரைக்கும் முரண்டுபிடிக்கும், பிறகு ஒரேயடியாக உட்குழிந்து விழும். அப்படி விழுகிறபோது வருவதுதான் சத்தம். கையில் தட்டுகிற உணர்வும் அந்தக் கணத்தில் வருவதே. விழுந்த தகட்டின் நடுப்பகுதி கீழே இருக்கும் செம்புத் தடத்தைத் தொட்டால் கரண்ட் ஓடும், எண் ஒன்று ஏறும். விரலை எடுத்தால் தகடு எழுந்துகொள்ளும். பயணம் செய்கிற தூரம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இருக்காது. டிவி ரிமோட் வேறு சாதி. அதில் ரப்பரும் கார்பனும்தான், சத்தம் வராது. அதனால்தான் ரிமோட்டை மட்டும் எல்லோரும் தேவைக்குமேல் அமுக்குகிறார்கள், கையை வேறு நீட்டிக்கொண்டு.

என் அப்பா பூட்டுத் தொழிலாளி. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் பட்டறையை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. எந்திரத்தில் வரும் அலிகார் பூட்டோடு விலையில் மல்லுக்கட்ட முடியாமல் விட்டவர்களில் அவரும் ஒருவர். மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு, மணிப்பூட்டு என்று வகைவகையாகக் கையால் ராவிச் செய்த ஊர் இது. மணிப்பூட்டில் சாவியைத் திருப்பும்போது உள்ளே மணி அடிக்கும். அந்த மணி யாருக்கு என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். திறக்கிறவனுக்கு மணி தேவையில்லை, நெம்பு எழும்பியதா இல்லையா என்று அவன் கைக்கே தெரியும் என்றார். மணி, வீட்டுக்குள் படுத்திருக்கிறவருக்கு.

இந்தப் பிரிவினை எனக்குப் பின்னாளில் பயன்பட்டது. கைக்குத் தெரிவது ஒன்று, காதுக்குக் கேட்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளுக்காக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. சைவ சித்தாந்தத்தின் தத்துவக் கணக்கில் வானத்துக்குச் சத்தம் மட்டும்தான் குணம். அடுத்துவரும் காற்றில்தான் பரிசம், அதாவது தொடுவுணர்வு, வந்து சேர்கிறது. சத்தத்துக்கு எல்லை இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் போய்விடும். தொடுவுணர்வு தொட்டவரோடு முடிந்தது. கவுண்ட்டர் சத்தம் ஆகாது என்கிற கட்சியை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். பேகம்பூர்ப் பள்ளிவாசல் பக்கத்திலிருந்து வருகிற பெரியவர்கள், தொழுகை முடிந்து வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பத்துப் பேர் விரலில் பத்து டிக் டிக் கேட்டால் எப்படி இருக்கும் என்கிறார்கள். தான் எத்தனை ஓதினோம் என்பது அடுத்தவருக்குக் கேட்பதில் அவர்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் எனக்குப் பிடிக்கிறது.

கைக்கு அடையாளம் வைப்பதில் மட்டும் எல்லா மதமும் ஒன்றுபோலத்தான் யோசித்திருக்கின்றன. நூற்றெட்டு மணி கோத்த மாலையில் மேரு மணி ஒன்று தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதைத் தாண்டக்கூடாது, திரும்பவேண்டும். மாலையைப் பைக்குள் மறைத்துத்தான் உருட்டுவார்கள், கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. தொண்ணூற்றொன்பது மணித் தஸ்பீஹில் முப்பத்துமூன்றுக்கு ஒருமுறை வேறு உருவத்தில் ஒரு தடுப்பு மணி. சூசையப்பர் கோயில் வாசலில் விற்கிற செபமாலையில் பத்துப் பத்து மணிக்கு நடுவே சங்கிலியில் இடைவெளி விட்டு ஒற்றை மணி. இருட்டில் கை எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒரு மேடு அல்லது ஒரு பள்ளம். பட்டன் போனில் 5 என்ற எண்ணின்மேல் இருக்கும் புள்ளியும் இதே வேலையைத்தான் செய்கிறது. வேடசந்தூர்ப் பக்கம் தோட்டத்துக்காரர்கள் இன்னும் பட்டன் போனை விடாததற்கு அந்தப் புள்ளியும் ஒரு காரணம். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால், மோட்டாரில் மாட்டியிருக்கும் மொபைல் ஸ்டார்ட்டருக்குப் படுத்தபடியே போன் போட்டு, கண்ணைத் திறக்காமல் எண்ணை அமுக்கி, தண்ணீர் பாய விடுகிறார்கள். கண்ணாடித் திரையில் அது நடக்காது.

இவ்வளவும் சொன்னால், பழைய பட்டன்தான் நேர்மையானது, தொடுதிரை ஏமாற்று என்று நான் முடிக்கப்போவதாகத் தோன்றும். நெடுநாள் நானும் அப்படித்தான் பேசித் திரிந்தேன். அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தேன். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், ஒன்றை அறிவதற்கான அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றில் அடக்கிவிடுகிறது. நேரே புலனால் அறிவது காண்டல். அடையாளத்தை வைத்து ஊகிப்பது கருதல். அறிந்தவர் சொல்லக் கேட்டுக்கொள்வது உரை. டோம் பட்டன் காண்டல் என்று வைத்துக்கொண்டேன். தகடு விழுவதை விரலே அறிகிறது, இடையில் ஆள் இல்லை. தொடுதிரையில் கண்ணாடி அசைவதே இல்லை. விரலின் மின்தன்மையைச் சர்க்யூட் உணர்ந்து, ஸ்பீக்கரிடம் ஒரு சத்தம் போடச் சொல்கிறது, அதிர்வு மோட்டாரிடம் ஒரு தட்டுத் தட்டச் சொல்கிறது. ஆக அது வெறும் உரை, யாரோ சொல்லி நாம் நம்புவது. காண்டல் இருக்க உரை எதற்கு என்று கல்லாவில் உட்கார்ந்து வாதம் செய்வேன்.

இந்த வாதத்தை உடைத்தது புத்தகம் இல்லை, மேஜைமேல் கிடந்த இரண்டு செத்த போன்கள்.

ஒன்று நோக்கியா 1100. 2003இல் வந்து, உலகம் முழுக்க இருபத்தைந்து கோடிக்கும் மேலே விற்ற போன். தூசி புகாதபடி முழு விசைப்பலகையையும் ஒரே ரப்பர் விரிப்பாகப் போட்டிருப்பார்கள். பேட்டரியே இல்லாத போன் அது, போர்டு எப்போதோ கருகிவிட்டது. பட்டனை அமுக்கினேன். அதே முரண்டு, அதே விழுகை, அதே சத்தம். உயிர் இருந்தபோது எப்படிச் சொன்னதோ அப்படியே செத்தபிறகும் சொல்கிறது. பக்கத்தில் ஐபோன் 7. 2016இல் வந்த அந்த மாடலில் கீழே வட்டமாக இருக்கும் ஹோம் பட்டன் உண்மையில் பட்டனே இல்லை. அசையாத ஒரு தட்டு. அமுக்குகிற அழுத்தத்தை உணர்ந்து, உள்ளே இருக்கும் மோட்டார் ஒரு தட்டுத் தட்டும். விரலோ பட்டன் அமுங்கியதாகச் சத்தியம் செய்யும். போனை அணைத்துவிட்டு அதே இடத்தை அமுக்கினால் கல்லை அமுக்கியது போலத்தான். ஒரு பதிலும் இல்லை.

அப்படியானால் எது சாட்சி? டோமின் சத்தம் என்னிடம் சொல்வது, நீ அமுக்கினாய் என்பதை மட்டுமே. அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த சேதி. மறுபக்கம் யாராவது இருக்கிறார்களா, வாங்கிக்கொண்டார்களா என்று அதற்குத் தெரியவே தெரியாது. செயற்கை என்று நான் இளக்காரம் செய்த அந்தத் தட்டு இருக்கிறதே, அது வாங்கிக்கொண்டவன் வாயிலிருந்து வருவது. உணர்ந்தால்தான் தட்டும், உயிர் இருந்தால்தான் உணரும். ஏறியதா என்ற கேள்விக்கு இரண்டில் எது நல்ல சாட்சி என்றால் உரையைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. டோம் சத்தத்திலிருந்து எண் ஏறியிருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்வது காண்டலே இல்லை, கருதல். புகையைக் கண்டு நெருப்பு என்பது போன்ற ஊகம். அந்த ஊகம் பொய்த்துப்போவதைத் தினமும் பார்க்கிறவன் நான். வியர்வை, திருநீறு, எண்ணெய் எல்லாம் இடுக்கில் இறங்கிச் செம்புத் தடத்தின்மேல் படிந்துவிட்டால், தகடு அழகாக விழும், சத்தம் கணீரென்று வரும், எண் அப்படியே நிற்கும்.

அப்படி ஒரு கவுண்ட்டரோடு ஒரு பாய் வந்தார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. திரையைப் பார்க்காமல் சத்தத்தை நம்பியே ஓதிக்கொண்டிருந்திருக்கிறார். தொழுகைக்குப்பின் ஓதுகிற முப்பத்துமூன்று, முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு விரல் கணுவிலேயே முடிந்துவிடும், அதில் குழப்பம் இல்லை. அவர் கவலை, தானாக ஏற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கில் ஓதிவந்த திக்ரு பற்றியது. "அதெல்லாம் சேருமா சேராதா?" என்றார் என்னிடம். மார்க்கம் தெரிந்தவரிடம் கேட்கவேண்டியதைப் போன் ரிப்பேர்காரனிடம் கேட்கிறார் என்றால் மனம் எவ்வளவு தடுமாறியிருக்கும்! ஏறாதது உங்கள் மிஷினில்தானே பாய் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அங்க கணக்கு சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் இல்ல" என்றார். விரல்களால் எண்ணச் சொல்லியிருக்கிறது, அவை ஒருநாள் பேசவைக்கப்படும், சாட்சி சொல்லும் என்கிற நபிமொழியையும் அவரே சொன்னார். பட்டனுக்கு அந்த வாய் இல்லையே என்றார். ஸ்பிரிட்டில் துடைத்துச் சரிசெய்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டுதான் போனார், விடவில்லை.

எண்ணிக்கை முக்கியமா என்று மேலோட்டமாகக் கேட்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பக்திதான் முக்கியம், கணக்கு எதற்கு என்பது கேட்க இனிக்கிற பேச்சு. மந்திரத்தில் எத்தனை எழுத்தோ அத்தனை லட்சம் என்று உரு ஏற்றுகிற மரபு இங்கே உண்டு. ஐந்தெழுத்துக்கு ஐந்து லட்சம். அப்படிச் சங்கல்பம் செய்துகொண்டவருக்கு எண்ணிக்கைதான் கொடுத்த வாக்கு. ஒன்று குறைந்தாலும் குறைந்ததுதான். ஆனால் அந்த வாக்கின்படி நடந்ததற்கும், அது அங்கே ஏற்கப்பட்டதற்கும் நடுவில் ஒரு கம்பி ஓடவேண்டும். அந்தக் கம்பி இருக்கிறதா என்று கவுண்ட்டர் காட்டாது, மாலையும் காட்டாது.

பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் டெய்னிங்கர் என்பவர், சுழற்றும் போனுக்குப் பதில் பட்டன் போன் கொண்டுவருவதற்கு முன்பாக நடத்திய ஆராய்ச்சியை 1960இல் வெளியிட்டார். பட்டன் அமைப்பு, அமுக்கும் விசை, அமுங்கும் ஆழம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஆட்களை வைத்துச் சோதித்தார். விசையையும் ஆழத்தையும் மாற்றியதால் எண் போடும் வேகத்திலோ பிழையிலோ பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்பதில் ஆட்களுக்குத் திட்டமான அபிப்பிராயம் இருந்தது. 1963 நவம்பரில் அந்தப் போன் விற்பனைக்கு வந்தது. நாகல்நகர் அக்கா சொன்னதும் இதைத்தான். எண்ணுவது நின்றுவிடவில்லை, எண்ணுகிற மாதிரி இருப்பதுதான் நின்றுபோனது. விரலுக்கு வேண்டியிருப்பது திருத்தம் இல்லை, ஒரு 'ஆமாம்'.

இந்த 'ஆமாம்' நாட்டு விவகாரமாகவும் ஆகியிருக்கிறது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் வந்தபோது, நீல பட்டனை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும், நீளமாக ஒரு பீப் சத்தம் வரும். அவ்வளவுதான் பதில். அதைக் கேட்டுவிட்டு வந்தோம். பிறகு சத்தம் போதாது, கண்ணால் பார்க்கவேண்டும் என்ற குரல் எழுந்தது. இப்போது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு ஏழு விநாடி நின்று காட்டிவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதியிலும் அப்படித்தான். உரை போதாமல் காண்டல் கேட்டார்கள், கிடைத்தது. கேட்டால் தரக்கூடிய இடம் அது.

கோயிலில் கேட்க முடியாது என்று நினைக்கிறவர்கள் எங்கள் சனங்களை அறியாதவர்கள். சாமி மறுபக்கம் இருக்கிறதா, வாங்கிக்கொண்டதா என்று கேட்டு வாங்குகிற ஏற்பாடு இந்தச் சமவெளியில் ஊருக்கு ஊர் இருக்கிறது. கல்யாணம் பேசும்போது, கிணறு வெட்டும்போது, வெள்ளைப்பூவையும் செவ்வரளியையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமிமுன் போட்டு, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பேச்சின் நடுவில் சுவரில் பல்லி சொன்னால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு விரலைச் சொடுக்குவார்கள். கிடா வெட்டு என்றால், மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்துவிட்டு ஆடு உடம்பைச் சிலிர்க்கும்வரை காத்து நிற்பார்கள். சிலிர்த்தால்தான் உத்தரவு. சிலிர்க்காவிட்டால் இன்னொரு செம்பு தண்ணீர், பூசாரிக்குத் திட்டு, குடும்பத்தில் யார் குறை வைத்தது என்று பஞ்சாயத்து. ஒருமுறை அரைமணி நேரம் ஓர் ஆட்டை ஊரே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை.

படித்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். தண்ணீர் பட்டால் ஆடு சிலிர்க்கும்தானே, இதில் சாமி எங்கே என்பார்கள். ஐபோனில் பட்டன் எங்கே என்று கேட்பதும் அதே கேள்வி. தட்டுகிறது மோட்டார்தான், சந்தேகமில்லை. மோட்டாரைத் தட்டச் சொன்னது யார் என்பதுதான் விஷயம். ஆட்டைச் சிலிர்க்கச் சொன்னது குளிரா கருப்பணசாமியா என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. ஆனால் அந்தச் சனங்கள் சரியான இடத்தில்தான் காதை வைத்திருக்கிறார்கள். தங்கள் கையின் சத்தத்தைக் கேட்டு, சேர்ந்துவிட்டது என்று அவர்கள் திருப்திப்படவில்லை. பதில் மறுபக்கத்திலிருந்து வரவேண்டும், வராமலும் போகலாம், வராவிட்டால் காரியத்தை நிறுத்தவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கவுண்ட்டர் பட்டன் ஒருநாளும் 'இல்லை' என்று சொல்லாது. இல்லை என்று சொல்லத் தெரியாத ஒன்றின் 'ஆமாம்' எனக்குப் போதவில்லை.

மனுநீதி நூல், சடங்கு செய்து வேட்பதைவிட ஜபம் பத்து மடங்கு மேல், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதபடி முணுமுணுத்தால் நூறு மடங்கு, மனத்துக்குள் செய்தால் ஆயிரம் மடங்கு என்று ஏணி போடுகிறது. அந்த நூல்மேல் எனக்கு வேறு பல வழக்குகள் உண்டு. இந்த ஏணியின் திசை மட்டும் யோசிக்க வைக்கிறது. மேலே போகப்போகச் சத்தம் குறைகிறது, கடைசிப் படியில் உதடுகூட அசைவதில்லை. அமுக்கியதற்கான தடயத்தையே படிப்படியாக அழித்துக்கொண்டு போகிறார்கள். தன் கையின் ஓசை அடங்கினால்தான் மறுபக்கத்து ஓசை கேட்கும் என்பதாலா, இல்லை, பதிலே எதிர்பார்க்காத ஒரு நிலைக்குப் பழக்குவதற்கா? சித்தாந்தம் படித்த நண்பர் ஒருவர் முதலாவதுதான் என்கிறார், அருள் என்பது அங்கிருந்து இங்கே வருவது என்கிறார். எனக்கு அப்படி உறுதியாகச் சொல்ல வரவில்லை. சத்தம் ஆகாது என்கிற பேகம்பூர்ப் பெரியவர்களும் சத்தம் வேண்டும் என்கிற அக்காவும் ஒரே ஏணியில் வேறுவேறு படியில் நிற்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அக்காவின் விரலுக்கு அந்த டிக் ஒரு கைப்பிடி. கைப்பிடி இல்லாமல் ஏறுகிறவர் மேலானவர் என்று எதை வைத்துச் சொல்வது?

இப்போது புதிதாக ஒருவகை மோதிரம் வருகிறது. போனோடு சேர்ந்து வேலைசெய்யும். பட்டன் சத்தமில்லாமல் மெத்தென்று இருக்கும். குறித்த எண்ணிக்கை, முப்பத்துமூன்றோ நூற்றெட்டோ, முடிந்ததும் விரலில் தானாகவே ஓர் அதிர்வு கொடுக்கும். மேரு மணியை மோட்டாராக மாற்றியிருக்கிறார்கள். கெட்டிக்கார வேலை, குறை சொல்லமாட்டேன். ஆனால் போட்டுப் பார்த்த ஒருவர், அதிர்கிறபோது யாரோ தலையில் கைவைத்த மாதிரி இருக்கிறது என்றார். எனக்குச் சுருக்கென்றது. மாலையில் மேரு மணி அதுபாட்டுக்கு அங்கே கிடக்கிறது, விரல்தான் போய் முட்டுகிறது. இதுவோ தானாக வந்து விரலைத் தொடுகிறது, மறுபக்கத்திலிருந்து வருவது போலவே. சிப்புக்குத் தெரிந்ததெல்லாம் நூற்றெட்டு ஆயிற்று என்பது மட்டும்தான்.

அதனால் அந்த மோதிரம் என்னிடம் வந்தால், அதிர்வை அணைத்து வைத்துத்தான் கொடுக்கிறேன். வேண்டுமானால் எங்கே போய் மறுபடி போடுவது என்றும் காட்டிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் கடைப்படி இறங்குவதற்குள் போட்டுக்கொள்கிறார்கள்.